சிறு பிள்ளைகளுடன் யாழ்ப்பாண நகரில் ஐந்து நாள்

முதல் முறை போனபோது ஐந்து நாளில் பதினொரு வீடு ஏறி இறங்கினோம். நான்காம் நாள் பின்னேரம், பெரியம்மா வீட்டுப் படியில் எங்கள் நான்கு வயது மகள் குந்திக்கொண்டு உள்ளே வரவே மறுத்துவிட்டாள். "வீட்டுக்குப் போவோம்" என்று அழுதாள். எந்த வீட்டுக்கு என்று பெரியம்மா கேட்டார். "கிணறு இருக்கிற வீட்டுக்கு" என்றாள். லண்டனைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நின்ற எனக்கு நெஞ்சு அடைத்தது. அவள் கேட்டது அம்மம்மாவின் வீட்டை. அந்த வீட்டில் நாங்கள் படுத்து எழும்பியதைத் தவிர ஒரு பொழுதும் ஆறி இருக்கவில்லை.

அடுத்த முறை ஒரே ஒரு விதி வைத்தோம். ஒரு நாளைக்கு வெளியே ஒரு பயணம்தான், அதுவும் காலை பத்து மணிக்கு முன் அல்லது மாலை நான்கரைக்குப் பின். நடுப்பகல் முழுவதும் வீட்டுக்கு. உறவினர்களை ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரையும் அம்மம்மா வீட்டுக்கே சாப்பிட வரச் சொன்னோம். மனத்தாங்கல் வரும் என்று பயந்தேன். வரவில்லை. நடக்க முடியாத முதியவர்கள் இருவரை மட்டும் நாங்களே போய்ப் பார்த்தோம்.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் இரவோடிரவாக வான் வண்டியில் ஏறி வடக்கே ஓடுவது நம்மவர்களின் வழக்கம். சிறு பிள்ளைகளோடு அதைச் செய்யாதீர்கள். தெருவழியாக ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும், இரவில் சாரதிக்கும் தூக்கம் வரும். விமான நிலையத்துக்குக் கிட்டவே நீர்கொழும்பு இருக்கிறது. அங்கே ஓரிரவு தூங்கிவிட்டுக் காலையில் புறப்படுங்கள். ரயிலில் போக விரும்பினால் கொழும்பு கோட்டையிலிருந்து ஏறலாம். போரினால் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் சேவை 2014 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. ஆனையிறவில் இரு பக்கமும் தண்ணீர் விரியும்போது பிள்ளைகளை யன்னலோரம் இருத்துங்கள். விடுமுறைக் காலத்தில் முன்பதிவு இருக்கைகள் விரைவாகத் தீர்ந்துவிடும். சென்னை வழியாக வருபவர்களுக்குப் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கே நேரடி விமானம் உண்டு.

பிள்ளையின் உடல் மணிக்கூடு நம்மோடு உடனே வந்து சேராது. கோடையில் லண்டனிலிருந்து போனால் நான்கரை மணித்தியால வித்தியாசம்: எட்டு மணிக்குத் தூங்குகிற பிள்ளைக்கு அங்கே நள்ளிரவு தாண்டித்தான் தூக்கம் வரும். கனடாவிலிருந்து போனால் இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பசிக்கிறது என்று சொல்லும். பாணும் கதலி வாழைப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு படுங்கள். முதல் இரண்டு நாளுக்கு எந்தத் திட்டமும் போட வேண்டாம்.

இனி, நகரத்துக்குள். மாலைப் பொழுது ஒன்றில் சுப்பிரமணியம் பூங்காவில் பிள்ளைகளை விளையாட விட்டு, அங்கிருந்து பொது நூலகம் வரை மெல்ல நடக்கலாம். வெள்ளைக் கட்டடம், முன்னால் சரஸ்வதி சிலை. 1981இல் எரிக்கப்பட்ட நூலகம் இது. என் மகளிடம், "இங்கே நிறையப் புத்தகங்கள் இருந்தன, அவற்றை எரித்துவிட்டார்கள், பிறகு மீண்டும் கட்டினோம்" என்று மட்டும் சொன்னேன். "யார் எரித்தது, ஏன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி கட்டாயம் வரும். வயதுக்கேற்ற ஒரு பதிலைப் போகுமுன்பே யோசித்து வையுங்கள்.

கோட்டை அங்கிருந்து கிட்டத்தான். போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாகக் கட்டிய கோட்டை. மதில்மேல் நின்றால் பண்ணைக் கடலுக்கு மேல் சூரியன் இறங்குவது தெரியும். மேலே ஏறும்போது பிள்ளையின் கையை விடவே கூடாது. தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், கைக்குழந்தை என்றால் உடம்போடு கட்டிக்கொள்ளும் துணித் தொட்டில்தான் வசதி.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். ஆடி, ஆவணியில் வருவதால் நம் பள்ளி விடுமுறையோடு பொருந்துகிறது. தேரன்று காலை நெரிசலுக்குள் சிறு பிள்ளையைக் கொண்டுபோக நான் சம்மதிக்க மாட்டேன். சாதாரண நாள் மாலையில் போங்கள். வீதியில் பரப்பிய மணலில் வெறுங்காலோடு ஓடுவதே அவர்களுக்குப் பெரும் கொண்டாட்டம். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும் என்பதை மகன்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிறகு பக்கத்திலேயே ஐஸ்கிரீம் கடைகள் இருக்கின்றன, ரியோவை எல்லோருக்கும் தெரியும்.

கடலுக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். காரைநகர் கசூரினா கடற்கரையில் நெடுந்தூரம் ஆழமில்லை, சவுக்கு மர நிழலும் உண்டு. கீரிமலைக் கேணி நல்ல இடம்தான், ஆனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. நீந்தத் தெரிந்த ஒருவர் பிள்ளையோடு இறங்க வேண்டும். நெடுந்தீவுக் குதிரைகளை இன்னொரு வருடம் பார்க்கலாம். வெயிலில் ஒரு மணித்தியாலப் படகுப் பயணம் நான்கு வயதுக்கு அதிகம்.

கிணறுகளைப் பற்றி வற்புறுத்திச் சொல்கிறேன். பழைய வீடுகளில் கிணற்றுக் கட்டு பெரியவர்களின் முழங்காலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். போவதற்கு ஒரு மாதம் முன்பே தொலைபேசியில் சொல்லிக் கம்பி வலையோ மரப் பலகையோ போட்டு மூடச் சொல்லுங்கள். "நாங்கள் இதோடுதானே வளர்ந்தோம்" என்பார்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம். நம் பிள்ளைகள் கிணற்றோடு வளரவில்லை. குளிக்கும்போது மட்டும் மூடியை எடுத்து, பெரியவர் ஒருவர் கட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்க வேண்டும். பிறகு அம்மம்மா வாளியால் அள்ளி ஊற்றட்டும். என் மகள் முதல் வாளிக்கு மூச்சை இழுத்துப் பிடித்தாள், இரண்டாவதுக்குச் சிரித்தாள், மூன்றாவதுக்குத் தலையைத் தானே நீட்டினாள்.

குடிக்கப் போத்தல் தண்ணீர், பல் தீட்டவும் அதுவே. சாப்பாட்டுக்கு இடியப்பமும் உறைப்பில்லாத பால்சொதியும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும். காலையில் பாலப்பம். நுளம்பு வலை கட்டாயம், மாரி மழையோடு டெங்கு கூடும். வயிற்றோட்டம் வந்தால் மருந்தகத்தில் ஜீவனி என்று கேளுங்கள், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூள் தருவார்கள். தெருநாய்களைத் தடவக் கூடாது என்று விமானத்திலேயே சொல்லி வையுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காயம் சின்னது என்று விட்டுவிடக் கூடாது.

வான் வண்டியில் பிள்ளை இருக்கை இருக்காது, கையோடு கொண்டுபோங்கள். புறப்படும் நாளில் வானைப் பதினொரு மணிக்கு வரச் சொன்னால், காலையில் கிணற்றடியில் இன்னொரு முறை குளிக்க நேரம் கிடைக்கும். ஈரத் துணிக்கு ஒரு பை வெளியே எடுத்து வையுங்கள்.