ஒத்துணர்வோடு கேட்பது எப்படி: நபர் மைய கவுன்சலிங் கற்பவர்களுக்கான தொடக்கப் பயிற்சி

பயிற்சிக்காக உருவாக்கிய ஒரு சிறு உரையாடலோடு ஆரம்பிக்கலாம். நாற்பது வயதை நெருங்கும் பெண் ஒருவர் கவுன்சலர் முன்னால் உட்கார்ந்து சொல்கிறார்:

"அம்மா போய் ஆறு மாசம் ஆச்சுங்க. எல்லாரும் 'எவ்வளவு தைரியமா இருக்கே'ன்னு சொல்றாங்க. எனக்கு அழுகையே வரலை. அதுதான் பயமா இருக்கு."

புதிதாகக் கற்பவர்களிடமிருந்து இதற்குப் பெரும்பாலும் மூன்று விதமான பதில்கள் வரும். "கவலைப்படாதீங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி" என்பது ஆறுதல். "அம்மாவுக்கு என்ன ஆச்சு, உடம்பு சரியில்லாம இருந்தாங்களா?" என்பது விசாரணை. மூன்றாவதுதான் ஏமாற்றக்கூடியது: "அம்மாவை இழந்த உங்க துக்கம் எனக்குப் புரியுது." காதுக்கு ஒத்துணர்வு (அடுத்தவர் உணர்வதை அவர் இடத்திலிருந்தே புரிந்துகொள்வது) மாதிரியே ஒலிக்கும். ஆனால் அவர் துக்கம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, பயம் என்றார். தாயை இழந்தவருக்குத் துக்கம்தான் இருக்கும் என்று நாமே முடிவுகட்டி, அந்த முடிவுக்குப் பதில் சொல்லியிருக்கிறோம்.

இப்படிச் சொன்னால்? "மத்தவங்களுக்கு அது தைரியமாத் தெரியுது. உங்களுக்கு மட்டும், ஏன் அழுகை வரலைன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம்."

இந்தப் பதிலுக்கும் முந்தைய மூன்றுக்கும் உள்ள தூரத்தைக் கடப்பதுதான் இந்தப் பயிற்சி.

கேட்டால் மட்டும் போதாதா?

பேச்சு எங்கே போக வேண்டும் என்பதை உதவி தேடி வருபவரிடமே (கிளையன்ட்) விடுவது நபர் மைய கவுன்சலிங். அதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ், ஒருவரிடம் மாற்றம் நிகழத் தேவையான ஆறு நிபந்தனைகளை 1957-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அவற்றில் மூன்றை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: கவுன்சலரின் உண்மைத்தன்மை (வேஷம் போடாமல் இருப்பது), நிபந்தனையற்ற மதிப்பு (என்ன சொன்னாலும் அவரை மதிப்பது), ஒத்துணர்வு. ஆறாவது நிபந்தனை வகுப்புகளில் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. கவுன்சலரின் அந்த ஒத்துணர்வும் மதிப்பும் கிளையன்டுக்குக் குறைந்தபட்சமாவது எட்ட வேண்டும் என்பதே அது.

நீங்கள் எவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டாலும் சரி, எதிரில் இருப்பவருக்கு "இவருக்கு நான் சொல்றது புரியுது" என்று தோன்றாதவரை வேலை முடியவில்லை. ராபர்ட் எலியட் குழுவினர் 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது) இந்தப் பக்கமே கைகாட்டுகிறது. 82 மாதிரிகள், 6,138 கிளையன்ட்கள். கவுன்சலரின் ஒத்துணர்வுக்கும் சிகிச்சையின் பலனுக்கும் இடையே 0.28 என்ற ஒட்டுறவு கிடைத்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). உளவியல் சிகிச்சை ஆய்வுகளில் இது கவனிக்கத்தக்க அளவு. தன் ஒத்துணர்வுக்குக் கவுன்சலர் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணைவிட கிளையன்ட் போடும் மதிப்பெண்தான் பலனோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது. ஆகவே கீழே உள்ள படிகளில் 5-ஆவதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

படி 1: மூன்று பேர், ஒரு மணி நேரம்

தனியாக இதைக் கற்க முடியாது. பேசுபவர், கேட்பவர், கவனிப்பவர் என மூவர் வேண்டும். ஒரு சுற்றுக்கு 20 நிமிடம்: 12 நிமிடம் பேச்சு, 8 நிமிடம் பின்னூட்டம். மூன்று சுற்றில் எல்லோரும் எல்லாப் பாத்திரத்திலும் இருந்துவிடலாம்.

பேசுபவர் நடிக்கக் கூடாது. நடிக்கும்போது உணர்ச்சி முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது, கேட்பவர் தேடிக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. சொந்த விஷயத்தையே பேசட்டும், ஆனால் பாரம் 10-க்கு 3 அல்லது 4 அளவில் இருக்கட்டும்: அலுவலகத்தில் ஒரு மனத்தாங்கல், தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் ஒரு முடிவு. சமீபத்திய மரணம், வன்முறை, பழைய காயங்கள் பயிற்சிக்கு வேண்டாம்.

நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் சற்றே சாய்கோணத்தில், மூன்று நான்கு அடி இடைவெளியில் போடுங்கள். பேசுபவர் விரும்பினால் பார்வையை விலக்கிக்கொள்ள இடம் இருக்கும். கடிகாரம் அவருக்குப் பின்னால், உங்கள் கண்ணில் படும்படி இருக்கட்டும். கைக்கடிகாரத்தைப் பார்ப்பது "எப்ப முடிப்பீங்க" என்று கேட்பதற்குச் சமம். போனை சைலண்டில் வைத்தால் போதாது, அணைத்துவிடுங்கள். குறிப்பெடுக்க வேண்டாம். பேசுபவர் சம்மதித்தால் மட்டும் ஒலிப்பதிவு செய்யுங்கள்.

படி 2: முதல் ஐந்து நிமிடம் கேள்வி கிடையாது

"எங்கிருந்து வேணும்னாலும் ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு "ம்", "சரிங்க", மௌனம் இவை மட்டும். கடுமையான விதிதான். முதல் சில அமர்வுகளுக்கு இதைத் தளர்த்தாதீர்கள், ஏனென்றால் கேள்வி கேட்டவுடன் பேச்சின் கடிவாளம் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. அவர் தன் வலியை விட்டுவிட்டு உங்கள் கேள்விக்கு விடை தேட ஆரம்பிப்பார்.

ராஜர்ஸே இதைத் தோல்வியில்தான் கற்றார். ராச்செஸ்டர் நகரில் குழந்தைகள் வழிகாட்டு மையத்தில் வேலை பார்த்த காலத்தில், முரட்டுப் பிள்ளை ஒருவனின் தாயிடம், பிரச்சினையின் வேர் அவர் மகனை ஒதுக்கியதில்தான் இருக்கிறது என்று புரியவைக்கப் பல அமர்வுகள் முயன்றார். பலிக்கவில்லை. முடித்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டபின், கிளம்பிய அந்தத் தாய் திரும்பி, "இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவீர்களா?" என்று கேட்டார். மறுபடி உட்கார்ந்து தன் மணவாழ்க்கையின் துயரத்தைக் கொட்டினார். அதுவரை அவர் ஒப்பித்த குடும்ப வரலாற்றில் இல்லாத பேச்சு அது. எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது கிளையன்டுக்குத்தான் தெரியும் என்ற முடிவுக்கு ராஜர்ஸ் வந்ததில் இந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

மௌனம் வந்தால் பதறாதீர்கள். பேசுபவரின் கண் தரையிலோ ஜன்னலிலோ இருந்தால் அவர் உள்ளே எதையோ தேடிக்கொண்டிருக்கிறார், காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுவது உதவும். கண் உங்கள் முகத்துக்குத் திரும்பிவிட்டால், பெரும்பாலும் அவர் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

படி 3: காதில் எதைப் பிடிப்பது

நடந்தது என்ன, அதனால் என்ன உணர்வு, அந்த உணர்வு அவருக்கு எதைக் குறிக்கிறது. இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டில் நடந்தது அம்மாவின் மரணம், உணர்வு பயம். பயத்தின் பொருள் என்ன? "நான் கல் நெஞ்சுக்காரியா?" என்பதாக இருக்கலாம், "எல்லாம் ஒருநாள் மொத்தமா உடையுமோ?" என்பதாகவும் இருக்கலாம். இன்னும் தெரியாது. தெரியாததைத் தெரியாததாகவே கையில் வைத்திருங்கள்.

உணர்வு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்குச் சில தடயங்கள் உண்டு. "ஆனா" என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது முன்னால் வந்ததைவிட முக்கியமாக இருக்கும். இரண்டு மூன்று முறை திரும்பி வரும் சொல்லைக் கவனியுங்கள். குரல் திடீரென்று தாழும் இடம், சிரித்துக்கொண்டே சொல்லும் சோகம், "அது பரவால்ல விடுங்க" என்று தாண்டிப்போகும் இடம் ஆகியவையும் அப்படித்தான்.

தமிழில் பேசுபவர்கள் பெரும்பாலும் "கஷ்டமா இருக்கு" என்ற ஒரு சொல்லிலேயே எல்லாவற்றையும் அடக்கிவிடுவார்கள். அதற்குள் அவமானம், ஏக்கம், ஆற்றாமை, ஏமாற்றம், குற்ற உணர்வு, சலிப்பு, தவிப்பு, ஆதங்கம் எது வேண்டுமானாலும் இருக்கலாம். பயிற்சி வாரங்களில் இப்படி முப்பது சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சூழ்நிலை யோசித்துப் பாருங்கள். பதில் சொல்லும் நேரத்தில் சரியான சொல் நாக்கில் வந்து நிற்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

இன்னொரு பக்கம், அவர் "வயித்தைப் பிசையுது", "நெஞ்சு அடைக்குது" என்று உடம்பின் மொழியில் சொன்னால் அதை "பதற்றம்" என்று மாற்றாதீர்கள். அவர் சொல்லையே எடுங்கள். நெஞ்சடைப்பு உண்மையிலேயே உடல் வலியா என்று ஒரு வரியில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். வலிதான் என்றால் முதலில் மருத்துவர்.

படி 4: பதில் சொல்வது

இரண்டு வாக்கியத்தைத் தாண்டாதீர்கள். பதினைந்து சொற்களுக்குள் முடிந்தால் நல்லது. அவர் சொன்ன எல்லாவற்றையும் தொகுக்காதீர்கள். அந்த நொடியில் எது உயிரோடு இருக்கிறதோ அதை மட்டும், பேச்சுத் தமிழில், கொஞ்சம் தயக்கமாகவே சொல்லுங்கள். "சரியா?" என்று ஒவ்வொரு முறையும் ஒட்டவைக்க வேண்டாம், குரலே அதைக் கேட்கும். "ஏன்" என்று ஆரம்பிக்கும் எதையும் தவிர்த்துவிடுங்கள், நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் "ஏன் அப்படிச் செஞ்சே?" என்பது குற்றம் சாட்டும் கேள்வியாகவே ஒலித்துவந்திருக்கிறது.

எப்படி அழைப்பது என்பதும் பதிலின் ஒரு பகுதிதான். நீங்கள் "தம்பி" என்றோ "என்னம்மா" என்றோ அழைத்த கணத்தில் அண்ணனாகவோ பெரியவராகவோ ஆகிவிடுகிறீர்கள். அண்ணனிடம் அறிவுரையைத்தான் எதிர்பார்ப்பார்கள். கல்லூரி மாணவராக இருந்தாலும் "நீங்க" என்றே தொடங்குங்கள். அவர் உங்களை "அக்கா", "சார்" என்று அழைத்தால் திருத்த வேண்டாம்.

படி 5: அடுத்த வரியைக் கவனியுங்கள்

ஆறாவது நிபந்தனை நிறைவேறியதா என்பது இங்கேதான் தெரியும். உங்கள் பதிலின் தரத்தை அளக்க அவருடைய அடுத்த வாக்கியத்தைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

"ஆமா... அதுமட்டும் இல்ல, நான் அம்மாவைச் சரியாப் பாத்துக்கலையோன்னு..." என்று இன்னும் உள்ளே போனால், சொன்னது எட்டியிருக்கிறது. அடுத்த படி அவருடையது, நீங்கள் பின்னால் போங்கள்.

"இல்லைங்க, பயம்கூட இல்ல, ஒரு மாதிரி மரத்துப்போச்சு" என்று திருத்தினால் அதுவும் வெற்றிதான், சொல்லப்போனால் பெரிய வெற்றி. உங்கள் சொல்லைத் தன் உள்ளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் பொருந்தவில்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. "நீங்கதானே பயம்னு சொன்னீங்க" என்று வாதாடாதீர்கள். "மரத்துப்போன மாதிரி..." என்று புதிய சொல்லை வாங்கிக்கொண்டு காத்திருங்கள்.

"ஆமாங்க" என்று சொல்லி நின்றுவிட்டால் எச்சரிக்கை. மரியாதைக்காகத் தலையாட்டுகிறாரா, அல்லது அவர் சொன்னதையே நீங்கள் திருப்பிச் சொன்னதால் மேலே போக வழியில்லையா? "நான் சரியாப் பிடிக்கலையோன்னு தோணுது. இன்னும் கொஞ்சம் சொல்றீங்களா?" என்று திறந்துவிடலாம். மருத்துவமனைத் தேதிகள், உறவினர் பெயர்கள் என்று அவர் விவரங்களுக்குத் தாவினால், ஆழமாக அவசரப்பட்டுப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு படி மேலே ஏறி வந்து, அவர் இருக்கும் இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கிளையன்டின் கடைசி வார்த்தைகளைத் திருப்பிச் சொல்வதுதான் நபர் மைய முறை என்ற கேலி ராஜர்ஸை நெடுங்காலம் வேதனைப்படுத்தியது. தான் உணர்வுகளைப் பிரதிபலிக்க முயலவில்லை, கிளையன்டின் உள் உலகத்தைத் தான் புரிந்துகொண்டது சரிதானா என்று சோதித்துக்கொள்வதே தன் நோக்கம் என்று 1986-இல் விளக்கினார். கிளிப்பிள்ளைப் பதிலுக்கும் நல்ல பதிலுக்கும் சில நேரம் சொற்கள்கூட ஒன்றாக இருக்கும். சோதிக்கும் எண்ணம் உள்ளே இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

பிசகும் இடங்கள்

"அம்மா மேல உங்களுக்குக் கோபம் இருக்கு, அதான் அழுகை வரலை." இது உண்மையாகவேகூட இருக்கலாம். இருந்தாலும் வெளியிலிருந்து வரும் தீர்ப்பு. அவர் அந்த இடத்துக்கு வருமுன் நீங்கள் போய் நின்றால், ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்ற விவாதம்தான் மிஞ்சும்.

"உங்க அண்ணன் பண்ணது தப்புதான்" என்று கட்சி சேர்வதும் ஒத்துணர்வு ஆகாது. நாளைக்கே அவர் அண்ணனோடு சமாதானமாகிவிட்டால் உங்களிடம் சொல்லத் தயங்குவார்.

சேர்ந்து மூழ்குவது இன்னொரு ஆபத்து. அவருடைய உலகத்தை உங்களுடையது "போல" உணர வேண்டும், அந்தப் "போல" தொலைந்துவிடக் கூடாது என்று ராஜர்ஸ் வலியுறுத்தினார். உங்கள் சொந்த அம்மாவின் நினைவு வந்து கண் கலங்கினால், அந்த நிமிடம் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது உங்களைத்தான். கால் தரையில் பதிந்திருப்பதை உணருங்கள், மூச்சை ஒருமுறை விடுங்கள், அவருடைய கடைசிச் சொல்லுக்குத் திரும்புங்கள்.

கவனம் சிதறிவிட்டால் கேட்டது போல நடிக்காதீர்கள். "மன்னிக்கணும், கடைசியாச் சொன்னதை விட்டுட்டேன், இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்பது நம்பிக்கையைக் கெடுக்காது. போலித் தலையாட்டலை மக்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சாவு பற்றிய பேச்சு வந்தால் மட்டும் கேள்வி கேட்காத விதியைத் தள்ளிவையுங்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமென்றால் பயிற்சியை நிறுத்தி, அவரைத் தனியே விடாமல், பயிற்றுநரையோ மனநல மருத்துவரையோ உடனே அழையுங்கள். இந்தியாவில் டெலி-மானஸ் எண் 14416, இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

படி 6: பின்னூட்டமும் எழுத்துப் பிரதியும்

முதலில் பேசியவர் சொல்லட்டும்: எந்த இடத்தில் புரிந்துகொள்ளப்பட்டதாக உணர்ந்தார், எந்த இடத்தில் தனியாக விடப்பட்டதாக உணர்ந்தார். கேட்டவர் விளக்கம் கொடுக்கக் கூடாது. பிறகு கவனித்தவர், "நல்லா பண்ணீங்க" என்ற பாராட்டு இல்லாமல், "நாலாவது நிமிஷம், 'பயமா இருக்கு'ன்னு சொன்னதும் நீங்க தேதி கேட்டீங்க" என்று நடந்ததை மட்டும் சொல்லட்டும்.

ஒலிப்பதிவிலிருந்து பத்து நிமிடத்தை "ம்" உட்பட ஒரு சொல் விடாமல் எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அலுப்பான வேலை, ஆனால் இந்தப் பயிற்சியிலேயே அதிகம் கற்றுக்கொடுப்பது இதுதான். 1940-களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராஜர்ஸும் மாணவர்களும் அமர்வுகளை இசைத்தட்டுகளில் பதிவுசெய்து, வரிவரியாக ஆராய்ந்தார்கள். ஒரு கிளையன்டுடன் நடந்த எட்டு அமர்வுகளின் முழு எழுத்துப் பிரதி 1942-இல் அச்சானது.

ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் கேள்வி, ஆறுதல், அறிவுரை, விளக்கம், புரிதலைச் சோதிக்கும் பதில் என்று வகை குறியுங்கள். அதற்கடுத்த கிளையன்ட் வரியில் ஆழம் கூடியதா, குறைந்ததா, அப்படியே நின்றதா என்று அம்புக்குறி போடுங்கள். மாறுவதற்கான காரணத்தைக் கிளையன்ட் வாயிலிருந்தே வரவைக்கும் ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற அண்டை முறையில் ஒரு கேள்விக்கு இரண்டு பிரதிபலிப்புகள் (புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லும் பதில்கள்) இருந்தால் நல்ல விகிதம் என்கிறார்கள். தொடக்கத்தில் அது உங்களுக்கு நேர்மாறாகவே இருக்கும். எண்ணிக்கையைவிட அம்புக்குறிகளைப் பாருங்கள். ஆழம் குறைந்ததைக் காட்டும் அம்பு உள்ள ஒரே ஒரு பதிலை எடுத்து, அந்த இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று மூன்று மாற்றுகள் எழுதி, குழுவில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

பிரதி எழுதி முடித்த அன்றே ஒலிப்பதிவை அழித்துவிடுங்கள். பிரதியில் பெயர், ஊர், வேலை பார்க்கும் இடம் எதுவும் இருக்கக் கூடாது.