ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கு வரும் தமிழ் மாணவர்களுக்கு

நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் யார்க் அவென்யூவும் 66-ஆவது தெருவும் சேரும் இடத்தில் வாசல். 1901-இல் மருத்துவ ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, 1950-களில்தான் முனைவர் பட்ட மாணவர்களைச் சேர்க்க ஆரம்பித்த இடம் இது. இளங்கலை வகுப்புகள் கிடையாது.

நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்து வருபவர்களுக்குச் சட்டென்று பிடிபடாத விஷயம், இங்கே துறைகளே இல்லை என்பது. துறைத்தலைவர் என்று ஒருவர் இல்லை. ஒவ்வோர் ஆய்வகமும் அதன் தலைவர் கையில். அதனால் எந்த ஆய்வகத்தில் சேர்கிறீர்கள் என்பதுதான் அடுத்த ஐந்தாறு வருடங்களைத் தீர்மானிக்கும். தலைப்பையும் பரிசுகளையும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ரொட்டேஷன் (ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் சிலவற்றில் கொஞ்ச நாள் வேலை செய்து பார்ப்பது) போகும்போது அங்குள்ள மூத்த மாணவர் ஒருவரைக் காபிக்கு அழைத்துத் தனியாகக் கேளுங்கள்: பேராசிரியர் உட்கார்ந்து பேச நேரம் தருகிறாரா? மாதக்கணக்கில் சோதனை சரிவராவிட்டால் என்ன சொல்வார்? படித்து முடித்துப் போனவர்கள் இப்போது எங்கே? பதிலைவிட, பதில் சொல்ல அவர் எவ்வளவு தயங்குகிறார் என்பதைக் கவனியுங்கள்.

‘சார்’, ‘மேடம்’ வேண்டாம். பெயர் சொல்லியே கூப்பிடலாம். கூச்சம் போகக் கொஞ்ச நாளாகும், பரவாயில்லை. காஸ்பரி அரங்கில் நடக்கும் வெள்ளிக்கிழமை உரைகளுக்கு, உங்கள் பாடம் இல்லையென்றாலும் போங்கள். நிமோனியாவுக்கு மருந்து தேடிய ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூவரும் 1944-இல் மரபுப் பண்பைக் கடத்துவது டி.என்.ஏ. என்று காட்டியது இந்த வளாகத்தில்தான். அடுத்தவர் ஆராய்ச்சியைக் காது கொடுத்துக் கேட்பதால் நேரம் வீணாகாது.

பல்கலைக்கழகக் குடியிருப்பு கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே அந்த வட்டார வாடகை தாங்காது. சம்பளத்துக்கும் வரிக்கும் தேவைப்படும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு, வந்து பத்து நாள் கழித்து விண்ணப்பித்தால் அலைச்சல் குறையும். மளிகைக்கு ஜாக்சன் ஹைட்ஸ், 74-ஆவது தெரு. ஊர் ஞாபகம் வந்தால் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில். 7-ஆம் எண் ரயிலில் கடைசி நிறுத்தம், அங்கிருந்து கொஞ்சம் நடை. கோயில் கேன்டீனில் தோசை கிடைக்கும்.

வருமான வரியில் பலர் சறுக்குவதுண்டு. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் முதன்முறை வந்தவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு, வரிக்கணக்கில் அமெரிக்கவாசி அல்லாதவர்களுக்கான 1040-என்.ஆர். படிவம்தான் போட வேண்டும், கூடவே மாணவராக இங்கே தங்கிய நாட்களைக் காட்டும் 8843 படிவமும். இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவுப்படி நிலையான கழிவு (வரி போடுமுன் வருமானத்தில் கழிக்கும் தொகை, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) உண்டு, கேட்டு வாங்குங்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அது பொருந்தாது.