ஒரே சதுரத்திலிருந்து ஒரு கிரேக்கக் கோயில்: பிரியீனி அதீனா கோயிலின் தரைப்படம் வரையும் முறை

கிரேக்கக் கோயில் ஒன்றின் தரைப்படத்தைக் கையால் வரைந்து பழக விரும்புபவர்கள் பெரும்பாலும் ஏதென்ஸின் பார்த்தினானிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு வாரம் போராடியபின் அதை ஒதுக்கி வைத்தேன். முதன்முறை வரைபவர்களுக்கு ஏற்ற கோயில் வேறொன்று இருக்கிறது. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், மிகாலி மலையின் சரிவில் இருக்கும் பிரியீனி நகரத்தின் அதீனா போலியாஸ் கோயில்தான் அது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதை வடிவமைத்தவர் பிதியோஸ். ஹாலிகார்னாசஸில் மன்னன் மாசோலஸுக்கு எழுப்பப்பட்ட புகழ்பெற்ற கல்லறையிலும் பணியாற்றிய அதே கட்டடக் கலைஞர் இவர்.

பார்த்தினானை நான் கைவிட்டதற்குக் காரணம் அதன் மூலைகள். அது, கிரேக்கக் கோயில்களின் இரண்டு முதன்மைத் தூண் பாணிகளுள் ஒன்றான டோரியப் பாணியில் அமைந்தது. அந்தப் பாணியில் தூண்களுக்கு மேலே ஓடும் உத்தரப் பட்டையில், மூன்று பட்டைகளாகச் செதுக்கிய டிரைகிளிஃப் என்னும் கற்கள் ஒவ்வொரு தூணின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வர வேண்டும். ஆனால் மூலையில் மட்டும் அந்தக் கல் பட்டையின் கடைசி விளிம்பில் நிற்க வேண்டும். இரண்டு விதிகளும் ஒரே இடத்தில் நிறைவேறுவதில்லை என்பதால், மூலைத் தூணை உள்ளே தள்ளி வைத்துச் சமாளித்தார்கள். பார்த்தினானில் தூண்களின் நடுக்கோடுகளுக்கு இடையே வழக்கமான தூரம் ஏறத்தாழ 4.3 மீட்டர் என்றால், மூலையில் அது ஏறத்தாழ 3.7 மீட்டராகச் சுருங்குகிறது. ஒரே அளவுள்ள கட்டங்களைப் போட்டு வரையப் புகுந்தவருக்கு நான்கு மூலைகளிலும் கணக்கு உதைக்கும். இந்தச் சிக்கலின் காரணமாகவே கோயில்களுக்கு டோரியப் பாணி ஏற்றதல்ல என்று கருதியவர்களுள் பிதியோஸும் ஒருவர் என்று ரோமானிய ஆசிரியர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். பிரியீனி கோயில் மற்றொரு பாணியான அயோனியப் பாணியிலானது. அதில் எல்லா இடைவெளிகளும் சமம்.

தேவையான பொருள்கள்

கோடோ கட்டமோ இல்லாத வெள்ளை ஏ4 தாள், 30 செ.மீ. அளவுகோல், ஒரு மூலைமட்டம், கவராயம், கூராகச் சீவிய 2எச் பென்சில், அழுத்தி வரைவதற்கு ஓர் எச்.பி. பென்சில்.

கிராஃப் தாளை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் ஒவ்வொரு 10 மில்லிமீட்டருக்கும் ஒரு தடித்த கோடு இருக்கும். நமக்குத் தேவையான கட்டமோ 12 மில்லிமீட்டர். அச்சிட்ட கோடுகள் கண்ணை இழுத்துக்கொண்டே இருப்பதால், வரைபவர் தம்மை அறியாமல் 10இன் மடங்குகளில் புள்ளி வைத்துவிடுகிறார். 15 செ.மீ. அளவுகோலும் வேண்டாம். நம் படத்தின் நீளம் 252 மில்லிமீட்டர். அளவுகோலை நடுவில் நகர்த்தி வைத்தால் அந்த இடத்தில் பிழை நுழைந்துவிடும்.

படி 1: அளவைத் தீர்மானித்தல்

பிதியோஸ் பயன்படுத்திய அடி ஏறத்தாழ 29.5 செ.மீ. நீளமுடையது. அந்த ஓர் அடியைத் தாளில் 2 மில்லிமீட்டராக எடுத்துக்கொள்வோம். கோயிலின் அடிப்படை அலகு 6 அடிச் சதுரம். தாளில் அது 12 மில்லிமீட்டர்ச் சதுரம். கணக்கை மீட்டருக்கு மாற்ற வேண்டாம். மீட்டரில் அளந்தால், தூண்கள் நிற்கும் மேடையின் அகலம் 19.5, நீளம் 37.2 என்று பொருளற்ற எண்களாகத் தெரியும். அடியில் பார்த்தால் அவையே 66, 126 என்று நின்று, 6ஆல் மீதியின்றி வகுபடும்.

படி 2: கட்டங்களைப் போடுதல்

தாளை நெட்டுவாக்கில் வைத்து, நடுவில் 132 மி.மீ. அகலமும் 252 மி.மீ. உயரமும் உள்ள செவ்வகத்தை மெல்லிய கோட்டால் வரையுங்கள். கீழ்ப்பக்கத்தைக் கிழக்காகக் கொள்ளுங்கள். வாசல் அந்தப் பக்கம்தான். மூலைகள் சரியான செங்கோணமா என்பதை அறிய இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 284.5 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும்.

அதன்பின் அகலத்தை 11 கட்டங்களாகவும் நீளத்தை 21 கட்டங்களாகவும் பிரிக்க வேண்டும். கவராயத்தை 12 மில்லிமீட்டருக்குத் திறந்துவைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் குத்திக்கொண்டு போவது எளிது என்று தோன்றும், அவ்வாறு செய்யாதீர்கள். ஒவ்வொரு குத்திலும் கால் மில்லிமீட்டர் கூடினால், 21ஆவது கட்டத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப்போயிருக்கும். அளவுகோலின் பூச்சியத்தை மூலையில் வைத்து, அதை அசைக்காமல் 12, 24, 36 என்று 252 வரை புள்ளியிடுங்கள்.

கட்டங்களுக்கு எண் கொடுங்கள்: இடமிருந்து வலமாக 1 முதல் 11 வரை நிரல்கள்; கீழிருந்து மேலாக 1 முதல் 21 வரை வரிசைகள்.

படி 3: தூண்பீடங்கள் — நான் தவறிய இடம்

இந்தக் கோயிலைப் பற்றி எங்கே படித்தாலும் இரண்டு செய்திகள் கிடைக்கும். அகலவாக்கில் 6 தூண்கள், நீளவாக்கில் 11 தூண்கள் என்பது ஒன்று. ஒரு தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடுவுக்கு 12 அடி என்பது இன்னொன்று. முதல்முறை நான் இந்த இரண்டையும் பெருக்கினேன். 6 தூண்களுக்கு 72 அடி, 11 தூண்களுக்கு 132 அடி என்று வந்தது. தூண்கள் 6 என்றால் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளிகள் 5தான் என்பதை மறுநாள் உணர்ந்து, 60 அடிக்கு 120 அடி என்று திருத்தினேன். ஒன்றுக்கு இரண்டு என்ற அழகான விகிதம் கிடைத்துவிட்டதால் இதுவே சரியான விடை என்று நம்பி, அந்தச் செவ்வகத்தையே மேடையின் விளிம்பாகக் கொண்டு, கட்டக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் தூண்களை வைத்தேன். படம் முடிந்தபோது ஓரத் தூண்கள் அனைத்தின் பீடங்களும் பாதி மேடையிலும் பாதி வெளியே காற்றிலுமாக நின்றன.

60க்கு 120 என்பது தவறான எண் அல்ல. அது தூண்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் செவ்வகம். மேடையின் விளிம்பு அதைவிட எல்லாப் பக்கமும் 3 அடி வெளியே இருக்கிறது. தூணின் நடுப்புள்ளி கோட்டின்மேல் விழுவதில்லை. சதுரத்தின் நடுவில் விழுகிறது. தூண் நிற்கும் பீடக்கல்லே 6 அடிச் சதுரம். பீடம் ஒரு சதுரம், இடைவெளி ஒரு சதுரம், மீண்டும் பீடம், மீண்டும் இடைவெளி. சதுரங்கப் பலகையில் கட்டங்கள் மாறிமாறி வருவதுபோல வரிசை ஓடி, பீடத்தில் தொடங்கிப் பீடத்திலேயே முடிகிறது. 6 பீடங்களும் 5 இடைவெளிகளும் சேர்ந்து 11 சதுரங்கள். 11 பீடங்களும் 10 இடைவெளிகளும் சேர்ந்து 21 சதுரங்கள். பிதியோஸின் வடிவமைப்பைக் கோடுகளாக எண்ணிக்கொண்டிருந்தவரை அது எனக்குப் பிடிபடவில்லை. கற்களாக எண்ணியபோது ஒரே மாலையில் முழுப்படமும் தானாக அமைந்தது.

ஆகவே வரைய வேண்டிய முறை இது. வெளிச்சுற்றில் உள்ள கட்டங்களில், அதாவது 1ஆம், 21ஆம் வரிசைகளிலும் 1ஆம், 11ஆம் நிரல்களிலும், வரிசை எண்ணும் நிரல் எண்ணும் ஒற்றைப்படையாக அமையும் கட்டங்களுக்கு மட்டும் மெல்லிய நிழல் கொடுங்கள். மூலைத் தூண்களை இருமுறை எண்ணாமல் கூட்டினால் 30 பீடங்கள் வர வேண்டும். ஒவ்வொரு பீடத்துக்கும் மூலைவிட்டங்கள் போட்டு நடுப்புள்ளியைக் கண்டு, 4.4 மி.மீ. ஆரத்தில் வட்டம் வரையுங்கள், ஏறத்தாழ 1.3 மீட்டர் விட்டமுள்ள தூணின் அடித்தண்டு அது. தண்டில் 24 செங்குத்துப் பள்ளங்கள் உண்டு. இந்தச் சிறிய அளவில் அவற்றை வரைய முயன்றால் வட்டம் கறுத்துப்போகும், விட்டுவிடுங்கள்.

படி 4: சுவர்கள்

நீளச் சுவர்கள் இரண்டும் 3ஆம், 9ஆம் நிரல்களில் வருகின்றன. சுவரின் நடுக்கோடு, முகப்பின் இரண்டாம் தூணுக்கும் ஐந்தாம் தூணுக்கும் நேராக ஓடுகிறது. 4 அடி கனமுள்ள சுவரைத் தாளில் 8 மில்லிமீட்டராக வரையும்போது, 12 மி.மீ. கட்டத்துக்குள் இருபுறமும் 2 மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும். கட்டம் முழுவதையும் சுவராக நிரப்பிவிடாதீர்கள்.

இந்தச் சுவர்கள் 3ஆம் வரிசையில் தொடங்கி 19ஆம் வரிசையில் முடிகின்றன. அவற்றின் முனைகளும் பீடத்தைப் போலவே கட்டத்தின் நடுவை மையமாகக் கொண்டு, விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே நிற்கும். சரியாக வரைந்திருந்தால் சுவர்க் கட்டடத்தின் வெளியளவு 80 மி.மீ. அகலமும் 200 மி.மீ. நீளமுமாக இருக்கும். அதுதான் 40 அடிக்கு 100 அடி. ஓரத் தூண்பீடத்தின் உள்விளிம்பிலிருந்து சுவர்வரை உள்ள சுற்றுப்பாதை நான்கு பக்கமும் ஒரே அளவாக, 14 மி.மீ. வர வேண்டும். ஒரு பக்கம் 12, மறுபக்கம் 16 என்று வந்தால் சுவரை நடுக்கோட்டிலிருந்து அளக்காமல் கட்டத்தின் விளிம்பிலிருந்து அளந்திருக்கிறீர்கள்.

3ஆம் வரிசையிலும் 19ஆம் வரிசையிலும் இரு சுவர்முனைகளுக்கு நடுவே, 5ஆம், 7ஆம் நிரல்களில் இரண்டிரண்டு தூண்கள் நிற்கின்றன. இவற்றையும் சேர்த்தால் மொத்தம் 34 தூண்கள்.

படி 5: குறுக்குச் சுவர்கள்

கருவறையைப் பிரிக்கும் குறுக்குச் சுவர்கள் இரண்டு. பின்சுவர் 17ஆம் வரிசையில் வருகிறது. வாசல் உள்ள முன்சுவர் 8ஆம் வரிசையில் வருகிறது. இரண்டும் 4 அடி கனம். இரண்டும் அந்தந்த வரிசையின் நடுவில் அமையும். வாசல் திறப்பை 6ஆம் நிரலில், நடு அச்சில் விடுங்கள்.

உள்ளே அளந்து சரிபாருங்கள்: முன்மண்டபம் சுவர்முனையின் வெளிமுகத்திலிருந்து 60 மி.மீ. (30 அடி), கருவறையின் நீளம் 100 மி.மீ. (50 அடி), பின்மண்டபம் 24 மி.மீ. (12 அடி). இரு குறுக்குச் சுவர்களின் 8 அடியையும் சேர்த்தால் 100 அடி நிறைவாகும். பின்மண்டபம் வைப்பது கிரீஸ் நிலப்பகுதியின் டோரியக் கோயில்களில் வழக்கமானது. டோரியப் பாணியை ஏற்காத பிதியோஸ், அதன் தரைப்படத்தில் தமக்குப் பயன்பட்ட ஒன்றைத் தயங்காமல் எடுத்து அயோனியக் கோயிலுக்குள் வைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பின்சேர்க்கை: இந்தக் குறிப்பின் முதல் வடிவத்தைப் படித்து வரைந்த மூவர், தங்கள் கருவறை 56 அடியாகவோ 44 அடியாகவோ வருகிறது என்று கேட்டிருந்தார்கள். சுவர்கள் அனைத்தும் ஏதேனும் ஒரு தூணுக்கு நேராகத்தான் வர வேண்டும் என்று எண்ணி, வாசல் சுவரை 7ஆம் வரிசையிலோ 9ஆம் வரிசையிலோ வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணம் இயல்பானது. மற்ற மூன்று சுவர்களும் அப்படித்தான் இருக்கின்றன. வாசல் சுவர் மட்டும் 8ஆம் வரிசையில், நான்காம் தூணுக்கும் ஐந்தாம் தூணுக்கும் இடைப்பட்ட வெற்றுச் சதுரத்தின் நடுவில் நிற்கிறது. தூண் வரிசையிலிருந்து விலகினாலும் சதுரத்திலிருந்து அது விலகவில்லை.

படி 6: போதிகைகளின் திசை

தூணின் உச்சியில் இருக்கும் தலைப்பகுதியான போதிகை தரைப்படத்தில் தெரியாது என்றாலும், அடுத்து முகப்புப்படம் வரைய விரும்புபவர்கள் இதை இப்போதே குறித்துக்கொள்வது நல்லது. அயோனியப் போதிகையில் சுருள்கள் முன்முகத்திலும் பின்முகத்திலும் மட்டுமே இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் சுருட்டிய பாயின் உடல்போலத் தெரியும். கிழக்கு, மேற்கு வரிசைகளில் சுருள்முகம் கிழக்கு மேற்காக அமையும். நீளப் பக்கங்களில் வடக்கு தெற்காகத் திரும்பும். மூலைத் தூண் இரண்டு வரிசைக்கும் உரியது என்பதால் இரண்டு வெளிமுகங்களிலும் சுருள் தேவைப்படுகிறது. அவ்விரு சுருள்களும் சந்திக்கும் வெளிமூலையில் கல்லை 45 பாகையில் வெளியே இழுத்துச் செதுக்கிவிடுவார்கள். அயோனியப் பாணிக்கும் மூலையில் ஒரு சிக்கல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை ஒரே ஒரு போதிகைக்குள் தீர்த்துக்கொள்ள முடிகிறது, தூண்களின் இடைவெளியைத் தொட வேண்டியதில்லை. நான்கு மூலைப் பீடங்களிலும் மையத்திலிருந்து வெளிமூலையை நோக்கி ஒரு சிறிய கோடு இழுத்துவையுங்கள்.

படி 7: கோடுகளை அழுத்துதல்

எச்.பி. பென்சிலால் மேடையின் விளிம்பு, பீடங்கள், தூண் வட்டங்கள், சுவர்கள் ஆகியவற்றை மட்டும் அழுத்தி வரையுங்கள். கட்டக் கோடுகளை அழிக்க வேண்டாம். அவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் வடிவமைப்பு விளங்குகிறது. தாளின் ஓரத்தில் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு இழுத்து, 50 அடி என்று எழுதுங்கள்.

கடைசியாக ஒரு குறி. கி.மு. 334இல் ஆசியாவுக்குள் நுழைந்த அலெக்சாண்டர் இந்தக் கோயிலை அதீனா போலியாசுக்கு அர்ப்பணித்தான். அதை அறிவிக்கும் கல்வெட்டு, முன்மண்டபத்தின் சுவர்முனைகளில் ஒன்றில் வெட்டப்பட்டிருந்தது. அந்தக் கற்கள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உங்கள் படத்தின் 3ஆம் வரிசையில், 3ஆம் நிரலிலும் 9ஆம் நிரலிலும் 8 மி.மீ. அகலத்தில் முடியும் அந்த இரண்டு சுவர்முனைகளையும் சிறிய வட்டமிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.