பெர்ஃப் (லினக்ஸில் நிரலின் வேகத்தை அளக்கும் கருவி) தரும் எண்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறதா?

இன்டெல் 12ஆம் தலைமுறை லேப்டாப்பில் பெர்ஃபின் எண்ணிக்கைக் கட்டளையான பெர்ஃப் ஸ்டாட்டை ஓட்டும்போது, நிரல் எந்த கோரில் ஓடலாம் என்று வரையறுக்கும் டாஸ்க்செட் கட்டளையால் அதை பி-கோர்களில் (சிப்பின் வேகமான கோர்களில்) மட்டும் கட்டிவையுங்கள். எந்த சிபியு எண்கள் பி-கோர் என்பதை லினக்ஸில் சிஸ், டிவைசஸ், சிபியு_கோர் அடைவிலுள்ள சிபியுஸ் கோப்பு (/sys/devices/cpu_core/cpus) சொல்லும்.

பி-கோரும், மின்சாரம் சேமிக்கும் இ-கோரும் உள்ளமைப்பிலேயே வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி அளவிக் கருவி. நிரல் நடுவில் கோர் தாவினால் சைக்கிள் (கோரின் கடிகாரத் துடிப்பு) கணக்கு இரண்டாகப் பிரியும். உங்கள் மாற்றத்தால் வேகம் கூடியதா, கோர் மாறியதாலா என்றே தெரியாது. இரண்டையும் கூட்டிப் பார்ப்பதும் தவறு, ஒரு சைக்கிளில் முடியும் வேலை இரண்டிலும் ஒன்றல்ல.

அந்த அடைவே இல்லையென்றால் உங்கள் சிப் பெரும்பாலும் இரு வகை கோர்களும் கலந்த வகை அல்ல, அப்படியானால் இப்படிக் கட்ட வேண்டாம். எல்லா கோர்களிலும் பரவி ஓடும் நிரலின் மொத்த நேரத்தை அளக்கும்போதும் கட்டாதீர்கள்.