வகுப்பு முடிந்து எழுதும் நோட்டு: எங்கே சறுக்குகிறோம்

பி.எட். படித்தபோது பழகிய பழக்கம், வேலைக்கு வந்த பிறகும் வகுப்பு எப்படிப் போனது என்று நோட்டில் எழுதிவந்தேன். போன மாதம் பழைய நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி: "பாடம் சரியாகப் போகவில்லை. இன்னும் தயார் செய்ய வேண்டும்." எந்தப் பாடம், யாருக்கு என்ன புரியவில்லை, ஒன்றும் இல்லை.

நடந்ததை விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் எழுதுவதுதான் பெரிய தவறு. ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல். நாலைந்து பிள்ளைகள் 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருந்தார்கள். "கவனம் இல்லை" என்று எழுதி மூடிவிட்டேன். அடுத்த வருடமும் அதே விடை. இந்த முறை ஒரு பெண்ணிடம் எப்படிப் போட்டாய் என்று கேட்டு, சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன்: "மேல ரெண்டையும் கூட்டினேன் சார், கீழ ரெண்டையும் கூட்டினேன்." பின்னம் அவளுக்கு ஒரே எண் இல்லை, மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு எண்கள். மறுநாள் கேட்டேன்: "அரைத் தோசையோட இன்னும் கொஞ்சம் வச்சா, அரையை விடக் குறையுமா?" 2/5 அரையை விடச் சின்னது என்று அவளே பிடித்துவிட்டாள்.

சனிக்கிழமை மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அதற்குள் பிள்ளைகள் சொன்ன வார்த்தை மறந்து, நம் எரிச்சல் மட்டும் மிஞ்சியிருக்கும். நன்றாகப் போன வகுப்பையும் எழுதுங்கள், ஏன் போனது என்று.

அப்புறம், கட்டம் நிரப்புவது. 1988-ல் கிரகாம் கிப்ஸ் என்ற கல்வியாளர், நடந்ததை அசைபோட்டு எழுத ஆறு படிகள் வகுத்தார்: என்ன நடந்தது, என்ன தோன்றியது, எது நன்றாக அமைந்தது எது அமையவில்லை, ஏன், வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் இரண்டுக்கு ஒரு பக்கம் எழுதுகிறவர்கள் 'ஏன்' என்பதற்கு அரை வரியோடு நிறுத்திவிடுகிறார்கள் (நானும்தான்).

தனியாகவே யோசித்துக்கொண்டிருப்பதும் உதவாது. பிரிட்டனில் செவிலியர்கள் 3 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 5 அனுபவக் குறிப்புகள் எழுத வேண்டும். பதிவு பெற்ற இன்னொருவரோடு உட்கார்ந்து அவற்றைப் பேசவும் வேண்டும். பேசுவதன் அருமை எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பக்கத்து வகுப்பு டீச்சரை ஒருநாள் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னேன். மணி அடித்ததும் அவர் சொன்னது: "கேள்வி கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லிடறீங்க சார்." இத்தனை வருட நோட்டில் அது ஒரு இடத்தில்கூட இல்லை.