மெக்னீசியம் எலும்புத் தகட்டுக்குக் காப்புப் பூச்சு: முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

காட்பாடி சந்திப்பில் கிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் ரயில் நின்றதும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்காகக் கையிலோ காலிலோ கட்டுடன் இறங்குகிறவர்களை வேலூர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்க வைத்த ஸ்டீல் அல்லது டைட்டானியம் பிளேட்டை, எலும்பு கூடிய பிறகு சிலருக்கு எடுக்க வேண்டிவரும். அதற்காக அவர்கள் மறுபடியும் அத்தனை தூரம் வர வேண்டும். மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் தையல். எலும்பு கூடும்வரை தாங்கி நின்று, பிறகு உடலுக்குள்ளேயே கரைந்து போகும் உலோகம் ஒன்று இருந்தால் இந்த இரண்டாவது அறுவை தேவைப்படாது என்ற எண்ணம்தான் என்னை மெக்னீசியத்திடம் கொண்டுவந்து சேர்த்தது.

மெக்னீசியம் எலும்புக்கு ஏற்ற உலோகம். டைட்டானியம் உலோகக்கலவையின் மீட்சிக் குணகம், அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ 110 கிகாபாஸ்கல். மெக்னீசியத்தினுடையது 45க்குள் அடங்கிவிடுகிறது, எலும்புக்கு அது எவ்வளவோ நெருக்கம். மெக்னீசியக் கலவையால் ஆன மேக்னசிக்ஸ் என்ற ஸ்க்ரூ 2013இல் ஐரோப்பிய அனுமதியும் பெற்றுவிட்டது. ஆனாலும் வெறும் மெக்னீசியம் உடல் திரவத்தில் அவசரமாகக் கரைகிறது. கரையும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுகிறது. எலும்புக்குச் சுமார் 12 வாரம் துணை தேவை. அந்த அவகாசத்தை வாங்கித் தருவதுதான் பூச்சின் வேலை. அரிமானத்தை அடியோடு நிறுத்துவது அதன் வேலை அல்ல.

இங்கே நான் விளக்கப்போவது இரண்டடுக்குப் பூச்சு: கீழே கால்சியம் பாஸ்பேட், மேலே பாலிகாப்ரோலாக்டோன் என்ற, உடலில் மெல்லச் சிதையும் பாலிமர். ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் முக்கி எடுக்கும் முறை சுலபம் என்று பலர் சொல்வார்கள். தோலைத் துளைத்து எலும்புவரை போகும் அந்த அமிலத்தைத் தொடக்க நிலையில் இருப்பவர்கள் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிளாஸ்மா மின்பகுளி ஆக்சிஜனேற்றம் தரமான பூச்சைத் தரும். ஆனால் பல நூறு வோல்ட் தரும் மின்வழங்கி வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் சாதாரண டிசி மின்வழங்கியை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது கீழே உள்ள முறைதான். இது சோதனைத் துண்டுகளுக்கான செய்முறை என்பதையும், இப்படிச் செய்த எதையும் எந்த உயிரின் உடலுக்குள்ளும் வைக்கக் கூடாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

துண்டு வெட்டுதல்

பழகுவதற்கு ஏ.இசட்.31 என்ற மெக்னீசியக் கலவைத் தகடு போதும். அதில் 3 சதவீத அலுமினியம் இருப்பதால் மருத்துவப் பயன்பாட்டுக்கு டபிள்யூ.இ.43 போன்ற கலவைகளையே நான் விரும்புவேன்; ஆனால் கைப்பழக்கத்துக்கு விலை குறைந்தது நல்லது. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் 10க்கு 10 மில்லிமீட்டர் சதுரமாக வெட்டுங்கள். வெட்டும்போது ஒரு பக்கத்தில் 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு நீண்ட வால் ஒன்றை அதே தகட்டிலேயே விட்டுவிடுங்கள். சதுரத்தின் மூலையில் 1 மில்லிமீட்டர் துளை ஒன்றும் போடுங்கள். இரண்டும் எதற்கென்பது பின்னால் வரும்.

அறுத்த தூளை உடனுக்குடன் துடைத்தெடுத்து, ஈரமில்லாத மூடிய டப்பாவில் சேர்த்து, தீப்பொறி வரும் இடங்களிலிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும். மெக்னீசியத் தூள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ பெரிதாகும்.

தேய்த்தல், கழுவுதல்: நான் மூன்று வாரம் இழந்த இடம்

சிலிக்கான் கார்பைடு உப்புத்தாளில் 400, 600, 800, 1200 என்று வரிசையாகத் தேயுங்கள். விளிம்புகளையும் மூலைகளையும் விரலில் உறுத்தாத அளவுக்கு உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பில் எந்தப் பூச்சும் மெலிந்துதான் நிற்கும். ஸ்டீல் தேய்த்த தாளை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. தாளில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் மெக்னீசியத்தில் பதிந்துவிட்டால் அந்த இடமே ஒரு சின்ன மின்கலமாகி, சுற்றியுள்ள உலோகத்தை அரிக்கத் தொடங்கும். தூய மெக்னீசியத்துக்கு உள்ளேயே இரும்பின் அளவு பத்து லட்சத்தில் சுமார் 170 பங்கைத் தாண்டினால் அரிமானம் பல மடங்கு ஏறிவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எச்சரிக்கை மிகையாகத் தெரியாது.

இவ்வளவையும் சரியாகச் செய்தும் என் முதல் மூன்று தொகுதித் துண்டுகள் வீணாயின. மாலையில் கழுவி வைத்த துண்டு காலையில் பார்த்தால் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும். உருப்பெருக்கியில் வைத்தால் நீர்த்துளி காய்ந்த வட்டத்தின் ஓரமெங்கும் ஊசி குத்தியதுபோல் வரிசையாகக் குழிகள் தெரியும். நானோ உப்புத்தாளையும் கரைசலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றம் கழுவிய தண்ணீரில் இருந்தது. பாலாற்றுப் படுகையின் போர் தண்ணீரில் குடித்தாலே தெரியும் அளவுக்கு உப்பு உண்டு. மெக்னீசியத்தின் மேல் தானாக உருவாகும் ஹைட்ராக்சைடு படலத்தைக் குளோரைடு கரைத்துவிடுகிறது. துளி காயக் காய அதன் ஓரத்தில் குளோரைடு செறிவாகிக்கொண்டே போகிறது. பிறகு கேன் தண்ணீருக்கு மாறினேன், குழிகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. கேன் தண்ணீரிலும் உப்பு மிச்சமிருக்கிறது.

ஆகவே 800க்குப் பிறகு தண்ணீரையே தொடாதீர்கள். எத்தனாலை நனைத்துத் தேய்த்து, எத்தனாலில் 5 நிமிடமும் அசிட்டோனில் 5 நிமிடமும் மீயொலித் தொட்டியில் வைத்து, வெப்பக் காற்றில் உடனே உலர்த்துங்கள். எத்தனால் பக்கத்தில் தீ கூடாது. கரைசல்கள் தயாரிக்கக் காய்ச்சி வடித்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள். பேட்டரிக் கடையில் வாங்குவதாக இருந்தால் நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்து, ஒற்றை இலக்கம் காட்டினால் மட்டும் வாங்குங்கள். அந்தச் சின்ன மீட்டர் என் மேசையில் உள்ள விலை அதிகமான கருவிகளைவிட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. தேய்த்த துண்டை அன்றே அடுத்த படிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஓர் இரவு வைத்தால் மறுபடியும் 1200இல் தேய்த்தாக வேண்டும்.

கால்சியம் பாஸ்பேட் படியவைத்தல்

ஒரு லிட்டர் நீரில் கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட் 9.92 கிராம், அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2.88 கிராம் கரையுங்கள். கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் இதில் சுமார் 1.67, எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டில் உள்ள அதே விகிதம். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 மில்லிலிட்டர் சேருங்கள். மெக்னீசியத் துண்டு எதிர்மின்வாய், கிராபைட் தண்டு நேர்மின்வாய். 60 டிகிரி வெப்பத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லியாம்பியர் வீதம் ஒரு மணி நேரம். நம் துண்டின் பரப்பு 3.2 சதுர சென்டிமீட்டர், ஆக 3.2 மில்லியாம்பியர்.

பெராக்சைடு எதற்கென்றால், எதிர்மின்வாயில் நீர் சிதைந்து ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். ஒவ்வொரு குமிழியும் ஒட்டியிருந்த இடத்தில் பூச்சில் ஒரு ஓட்டை விழும். பெராக்சைடு நீரை முந்திக்கொண்டு தான் சிதைந்து, குமிழி இல்லாமலே ஹைட்ராக்சைடு அயனியைத் தருகிறது. துண்டின் முகத்தருகே காரத்தன்மை கூடுவதால்தான் கால்சியம் பாஸ்பேட் அங்கே படிகிறது.

இந்தக் கரைசல் அமிலத்தன்மை உடையது. மின்சாரம் இல்லாமல் துண்டை உள்ளே விட்டுவிட்டு அதன் பிறகு சுவிட்ச் தேடினால், அதற்குள் அரிமானம் தொடங்கியிருக்கும். மின்வழங்கியை முதலில் போட்டுவிட்டு, கம்பி இணைத்த நிலையிலேயே துண்டைக் கரைசலில் இறக்குங்கள். எடுக்கும்போது துண்டை வெளியே எடுத்த பிறகுதான் சுவிட்சை அணைக்க வேண்டும்.

வால் இங்கேதான் பயன்படுகிறது. செப்பு கிளிப்பை வாலின் நுனியில், கரைசலுக்கு மேலே பொருத்துங்கள். கிளிப் நனையவே கூடாது. இரண்டு வேறு உலோகங்கள் ஒரே திரவத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இத்துறையின் பழைய சான்று, பெல்ஜிய அறுவை மருத்துவர் ஆல்பின் லம்போட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இளைஞரின் கால் முறிவுக்கு மெக்னீசியத் தகட்டைப் பொன் முலாமிட்ட ஸ்டீல் ஆணிகளால் பொருத்தியது. எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் வாயு நிறைந்துவிட்டது.

வெளியே எடுத்த துண்டின் மேல் படிந்திருப்பது பெரும்பாலும் பிரஷைட் என்ற கால்சியம் பாஸ்பேட் வகை. லிட்டருக்கு 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைந்த கரைசலில் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் அது உடல் திரவத்தில் எளிதில் கரையாத ஹைட்ராக்சிஅபடைட்டாக மாறும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி உலர்த்தி, வாலை வெட்டி, வெட்டிய முகத்தை அரால்டைட்டால் மூடி ஒரு நாள் காயவிடுங்கள். இனித் துண்டைத் தொங்கவிட மூலைத் துளையில் தூண்டில் நரம்பைக் கோத்துக்கொள்ளுங்கள். உலோகக் கம்பி எதுவும் வேண்டாம்.

பாலிமர் பூச்சும் மே மாத வெயிலும்

ஹைட்ராக்சிஅபடைட் அடுக்கைத் தனியாக நம்ப முடியாது, அதில் நுண்துளைகள் உண்டு. அவற்றை அடைக்கத்தான் பாலிகாப்ரோலாக்டோன். 95 கிராம் குளோரோபாமில் 5 கிராம் பாலிமரைக் கரைத்து, துண்டை முக்கி, ஒரு நிமிடம் வைத்து, நொடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் மேலே இழுக்க வேண்டும். கையால் இழுத்தால் அந்த வேகம் நிற்காது. நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் சிறிய சிங்க்ரனஸ் மோட்டாரில் 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையைப் பொருத்தி நரம்பைச் சுற்றினால் கணக்கு சரியாக வரும். அடி விளிம்பில் திரளும் துளியை வடிதாளில் தொட்டு எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் காயவிட்டு, இரண்டாம் முறை முக்குங்கள்.

பல செய்முறைகளில் டைகுளோரோமீத்தேன் என்றிருக்கும். அதன் கொதிநிலை 40 டிகிரிக்குச் சற்றுக் கீழே. அக்கினி நட்சத்திரத்தில் வேலூரின் பகல் வெப்பம் அதைத் தாண்டுகிறது! கரைப்பான் அவசரமாகப் பறக்கும்போது மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே சிக்கிய ஆவி அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். மழைக்காலத்தில் நிலைமை வேறு: வேகமாக ஆவியாவதால் குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, பூச்சு மோர் தெளித்ததுபோல் வெளுத்துவிடும். 61 டிகிரியில் கொதிக்கும் குளோரோபாமைக் காலை 6 மணிக்குப் பயன்படுத்துவதே எனக்குச் சரிப்பட்டது. இரண்டு கரைப்பான்களும் நச்சு. புகைக்கூண்டுக்குள் மட்டும் வேலை செய்யுங்கள். கடைசியாக வெற்றிட அடுப்பில் 40 டிகிரியில் ஒரு நாள். பாலிகாப்ரோலாக்டோன் 60 டிகிரியில் உருகிவிடும், அடுப்பின் குமிழை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

சோதித்தல்

பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைந்தது 20 மில்லிலிட்டர் ஹாங்ஸ் கரைசல் (உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்) வேண்டும்; நம் துண்டுக்கு 64 மில்லிலிட்டர். அளவு குறைந்தால் கரைசல் காரமாகி, அந்தக் காரமே மெக்னீசியத்தைப் பாதுகாத்து, உங்கள் பூச்சு நன்றாக இருப்பதுபோல் பொய்த் தோற்றம் தரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். துண்டின் மேல் ஒரு புனலைக் கவிழ்த்து, புனல் மேல் கரைசல் நிரப்பிய பியூரெட்டைத் தலைகீழாக நிறுத்தினால் எழும் ஹைட்ரஜன் அதில் சேரும். வெப்பத்தை 37 டிகிரியில் நிறுத்த நீர்த்தொட்டி அவசியம். கோடையில் அறையே 37 இருக்கிறதே என்று விட்டுவிட்டால் இரவில் இறங்கிவிடும்.

ஒரு மில்லிலிட்டர் ஹைட்ரஜன் என்றால் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் மெக்னீசியம் கரைந்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, 14 நாளில் 2.8 மில்லிலிட்டர் சேர்ந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நாளொன்றுக்கு 0.0625 மில்லிலிட்டர். அதை 2.1 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 0.13 மில்லிமீட்டர் அரிமானம். ஆண்டுக்கு 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற பொதுவான எதிர்பார்ப்புக்கு இது உட்பட்டது. ஆனால் உடல் எளிதில் உள்வாங்கும் வாயு என்று ஆய்வாளர்கள் சொல்லும் 0.01 மில்லிலிட்டரைவிட ஆறு மடங்கு. இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதுங்கள். முதலாவதை மட்டும் காட்டுவது முறையன்று.

எடை இழப்பை அளக்க அரிமானப் படிவை நீக்கும் வழக்கமான கரைசல் குரோமிக் அமிலம். அது ஆறிணைதிறக் குரோமியம், புற்றுநோய் உண்டாக்குவது. இராணிப்பேட்டையில் மூடிய ஆலையின் குரோமியக் கழிவு மலைபோல் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததை அறிந்த நாம், ஒரு சின்னத் துண்டின் எடைக்காக அந்த அமிலத்தைக் கலக்க வேண்டியதில்லை. ஹைட்ரஜன் அளவீடு தொடக்க நிலைக்குப் போதுமானது.

பின்னர் சேர்த்தது

திருப்பத்தூரிலிருந்து ஒரு மாணவி இரண்டு கேள்விகள் எழுதியிருந்தார். முதல் நாள் பியூரெட்டில் வாயுவே சேரவில்லை, பூச்சு முழு வெற்றியா என்பது முதலாவது. இல்லை, தங்கச்சி, புதுக் கரைசல் முதலில் கிளம்பும் ஹைட்ரஜனில் ஒரு பகுதியைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும், பியூரெட்டின் அளவு அந்த அளவுக்குக் குறைத்தே காட்டும். பூச்சில்லாத ஒரு துண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இதே முறையில் ஸ்க்ரூவுக்குப் பூசலாமா என்பது இரண்டாவது. 5 சதவீதக் கரைசல் மரையின் பள்ளத்தில் தேங்கி முகட்டில் மெலிந்துவிடுகிறது. 2 சதவீதமாக்கி மூன்று முறை முக்கி, ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூவை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே உலர்த்தியதில் எனக்கு ஓரளவு சமமாக வந்தது. பூசிய ஸ்க்ரூவைக் கசாப்புக் கடையில் வாங்கிய ஆட்டுத் தொடை எலும்பில் துளையிட்டு முறுக்கி ஏற்றி, மறுபடி கழற்றி, முகட்டில் பூச்சு எவ்வளவு உரிந்திருக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்த்த பிறகே ஹாங்ஸ் கரைசலில் போடுங்கள். உரிந்த நிலையில் எடுத்த அளவுதான் ஸ்க்ரூவுக்குப் பொருந்தும்.