லேசான ஃபுல் சஸ்பென்ஷன் கிராஸ்-கன்ட்ரி சைக்கிள்: ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் ஏற்றம் ஆரம்பித்ததும், அதை அமுங்காமல் பூட்டும் லாக்அவுட் லீவருக்குக் கை தானாகப் போகும். ஒரு அழுத்து, பின்பக்கம் இறுகிவிடும். மிதிக்கிற பலம் ஒரு துளிகூட வீணாகாமல் சக்கரத்துக்குப் போகிறது என்று மனதுக்குள் ஒரு திருப்தி. முதல் ஆறு மாதம் நானும் இப்படித்தான் ஓட்டினேன். வேர்களும் சரளையும் நிறைந்த ஒரு நீண்ட ஏற்றத்தில், பின்னால் வந்த நண்பர் என்னை நிறுத்தினார். "உங்க பின் சக்கரம் பாதி நேரம் தரையிலேயே இல்லைங்க. லாக்கை எடுத்துட்டு ஏறிப் பாருங்க" என்றார். எடுத்துவிட்டு, கீழே இறங்கி வந்து, அதே ஏற்றத்தை மறுபடி ஏறினேன். முதல் முறை மூன்று இடங்களில் சறுக்கிக் கால் ஊன்றிய பாதை அது. இந்த முறை ஒரு இடத்தில்கூடக் கால் தரையில் படவில்லை.

இந்த வகை சைக்கிளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. முன்னும் பின்னும் 100 முதல் 120 மி.மீ. டிராவல் (சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம்), மொத்த எடை 10 முதல் 12 கிலோ என்று ஒரு வண்டியை ஆசையாக வாங்குகிறோம். அப்புறம் அந்த சஸ்பென்ஷனை வேலை செய்ய விடாமல் நாமே தடுக்கிறோம்.

லாக் போடுவது எப்போது சரி? வழவழப்பான தார்ச் சாலையில், எழுந்து நின்று மிதிக்கும்போது. அங்கே சக்கரம் ஏறி இறங்க மேடு பள்ளம் எதுவும் இல்லை. கரடுமுரடான ஏற்றத்தில் நிலைமையே வேறு. சக்கரம் ஒவ்வொரு வேரையும் கல்லையும் தொட்டுத் தொடர்ந்தால்தான் பிடிமானம் கிடைக்கும், பிடிமானம் இருந்தால்தான் மிதித்தது முன்னே போகும். உட்கார்ந்து சீராக மிதித்தால் வண்டி நாம் பயப்படுகிற அளவுக்கு ஊஞ்சல் ஆடுவதும் இல்லை. செயின் இழுக்கும் விசை, பின்பக்கம் அமுங்குவதை எதிர்த்து நிற்கும்படிதான் பின்பக்க மூட்டுகளான பிவட்டுகளின் இடத்தையே தீர்மானிக்கிறார்கள். ஏறும்போது வண்டி நிறைய ஆடுகிறது என்றால், லீவரைத் தேடுவதற்கு முன் உங்கள் மிதிப்பைக் கவனியுங்கள். கனமான கியரில் குத்திக் குத்தி மிதிக்கிறீர்களா, லேசான கியரில் சுழற்றுகிறீர்களா என்று பாருங்கள்.

இதைவிட ஆபத்தான தவறு, உச்சியில் லாக்கை எடுக்க மறப்பது. இறுகிய ஷாக்கோடு, அதாவது பூட்டிய பின்பக்க சஸ்பென்ஷனோடு, கற்கள் நிறைந்த இறக்கத்தில் பாய்ந்தால் வண்டி குதிரை மாதிரி உதறும். பெரிய அடி விழுந்தால் திறந்துகொள்ளும் வால்வு பல ஷாக்குகளில் உண்டுதான். அதை நம்பி ஓட்டுவது ஷாக்குக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. உச்சியில் முதலில் லாக், பிறகு கியர், பிறகு தண்ணீர் என்று வரிசையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

போட்டிகளின் வரலாற்றிலும் இதே பாடம் இருக்கிறது. கிராஸ்-கன்ட்ரி மவுண்டன் பைக் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1996இல், அட்லாண்டாவில். பின்பக்க சஸ்பென்ஷன் கூடுதல் எடை, ஏற்றத்தில் சுமை என்ற எண்ணம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது. 2012 லண்டனில் செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி ஃபுல் சஸ்பென்ஷனில் வந்து, கடைசி வரை விடாமல் போராடிய சுவிஸ் வீரர் நீனோ ஷூர்ட்டரை முந்தித் தங்கம் வென்றார். ஷூர்ட்டர் அன்று ஓட்டியது பின் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில். 2016 ரியோவில் அதே ஷூர்ட்டர் ஃபுல் சஸ்பென்ஷனில் வந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு போனார்.

காற்றழுத்தத்தை ஊகத்தில் வைப்பது

என் கணக்கில் இதுதான் மிகப் பரவலான தவறு, சரிசெய்யவும் எளிதானது. லேசான வண்டிகளில் ஃபோர்க் (முன்பக்க சஸ்பென்ஷன்), ஷாக் இரண்டுக்கும் ஸ்பிரிங் காற்றுதான். உங்கள் எடைக்குத் தகுந்த அழுத்தம் இல்லையென்றால் எவ்வளவு உயர்ந்த ஷாக்காக இருந்தாலும் அது சரியாக வேலை செய்யாது. தயாரிப்பாளரின் அட்டவணையில் போட்டிருக்கும் அழுத்தம் ஒரு தொடக்கப்புள்ளி மட்டும்தான். உண்மையில் அளக்க வேண்டியது ஸேக். அதாவது, நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் உங்கள் எடையாலேயே சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பது. இந்த வகை வண்டியில் பின்னால் 20 முதல் 25 சதவீதம், முன்னால் 15 முதல் 20 சதவீதம் என்று வைத்துத் தொடங்கலாம்.

அளப்பதை ஒருமுறை நிதானமாகச் செய்து பாருங்கள். ஓட்டும்போது போடும் ஷூ, ஹெல்மெட், தண்ணீர் பாட்டில், முதுகுப் பை எல்லாவற்றோடும் ஏறுங்கள். வீட்டு உடையில் அளந்தால் அளவு தப்பும். லாக் முழுவதும் திறந்திருக்க வேண்டும். சுவரில் ஒரு முழங்கையைச் சாய்த்துக்கொண்டு இரண்டு மூன்று முறை மெதுவாக ஆடுங்கள். பிறகு ஓட்டும் நிலையில் அசையாமல் உட்காருங்கள். ஷாக்கின் தண்டில் சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். கீழே குனிந்து, தண்டு உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் சீல் வரை அதைத் தள்ளுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரைத் தள்ளச் சொல்லுங்கள். இப்போது பூனை இறங்குவது மாதிரி இறங்க வேண்டும். தடாலென்று குதித்தால் வளையம் நகர்ந்துவிடும், அளந்ததெல்லாம் வீண். ஷாக்கின் ஸ்ட்ரோக், அதாவது தண்டு அமுங்கும் மொத்தத் தூரம், 45 மி.மீ. என்றால், சீலிலிருந்து வளையம் 9 முதல் 11 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். 5 மி.மீ.தான் இருக்கிறதா? காற்று அதிகம். 16 மி.மீ. இருக்கிறதா? காற்று போதாது, ஏற்றத்தில் பின்பக்கம் அமிழ்ந்து பெடல் கல்லில் அடிக்கும்.

காற்றடிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஷாக்குக்குள் இரண்டு அறைகள் இருக்கின்றன. ஒரே மூச்சில் முழு அழுத்தத்தையும் அடித்துவிட்டுப் பம்ப்பைக் கழற்றினால் இரண்டாவது அறைக்குக் காற்று சரியாகப் போயிருக்காது. கொஞ்சம் அடித்து, வண்டியை அழுத்தி அழுத்தி விட்டு, மறுபடி அடித்து என்று படிப்படியாக ஏற்றுங்கள். பம்ப்பைக் கழற்றும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அது குழாயில் இருந்த காற்று. ஷாக்கிலிருந்து போவதில்லை. மறுநாள் பம்ப்பை மாட்டியதும் மீட்டர் குறைத்துக் காட்டுவதற்கும் இதுதான் காரணம். ஷாக்கில் இருந்த காற்றில் கொஞ்சம் குழாயை நிரப்பப் போயிருக்கும். ஷாக் கசிகிறது என்று பதறிப் பழுதுபார்க்கத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஸேக் வைத்தாயிற்று. ஓட்டிவிட்டு வந்ததும் அதே வளையத்தை மறுபடி பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த மிகக் கடினமான பாதையில் ஓட்டியும் அது பாதித் தூரம்தான் போயிருக்கிறது என்றால், 120 மி.மீ. வண்டியை 60 மி.மீ. வண்டியாக ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். டிராவல் முழுவதும் தீர்ந்துவிட்டால் ஏதோ கோளாறு என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரு நாள் ஓட்டத்தில் ஓரிரு முறை கடைசி வரை போவதுதான் நல்ல அறிகுறி. ஒவ்வொரு பள்ளத்திலும் 'டக்' என்று அடித்தால் மட்டும் கொஞ்சம் காற்றைக் கூட்டுங்கள்.

அழுத்தத்தை மாற்றினால் ரீபவுண்டையும், அதாவது அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகத்தையும், மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காற்று கூடினால் ஷாக் வேகமாகத் திரும்பி எழும்பும், அதைக் கட்டுப்படுத்த ரீபவுண்டைக் கொஞ்சம் மெதுவாக்க வேண்டும். குறைந்த எடை உள்ளவர்களுக்கு நேர் எதிரான பிரச்சினை. அவர்கள் குறைந்த காற்றில் ஓட்டுகிறார்கள், ரீபவுண்ட் பெரும்பாலும் தேவைக்கு மேல் மெதுவாகவே இருக்கும். அப்போது என்ன ஆகும்? வரிசையாக வேர்கள் வரும்போது ஷாக் ஒன்றில் அமுங்கி எழுவதற்குள் அடுத்தது வந்துவிடும். நாலாவது வேர் வரும்போது அது ஏற்கெனவே பாதி அமுங்கிக் கிடக்கும். "வண்டி கல்லு மாதிரி இருக்கு" என்று காற்றை இறக்கிக்கொண்டே போவார்கள், உண்மையில் திருப்ப வேண்டியது ரீபவுண்ட் குமிழை. நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்கிப் பாருங்கள். அமுங்கி, எழுந்து, ஒரே முறையில் நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் வேகம் அதிகம்.

டயரில் மிச்சம் பிடிக்கும் கிராம்கள்

சாலை சைக்கிளிலிருந்து வருபவர்களுக்கு டயரைக் கல்லாக நிரப்பினால்தான் நிம்மதி. 2.25 முதல் 2.4 இன்ச் அகல டியூப்லெஸ் டயருக்கு, 70 கிலோ எடை உள்ளவர் 20, 22 பி.எஸ்.ஐ.யில் தொடங்கலாம், முன்னால் ஒன்றிரண்டு குறைவாக. கரடுமுரடான பாதையில் இதற்கு மேல் போனால் டயர் ஒவ்வொரு கல்லிலும் எகிறும், வேகம்தான் குறையும். ரொம்பக் குறைத்தால் ரிம் கல்லில் அடிபடும், திருப்பத்தில் ஓரத்தால் காற்று கக்கும். ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசம்கூடக் கையில் தெரியும், அதனால் குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டும் தனி மீட்டர் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

எடை குறைக்கும் ஆசையில் மிக மெல்லிய சுவர் கொண்ட டயரைப் போடுவதுதான் எனக்கு வருத்தம் தரும் தவறு. கூரான கற்கள் உள்ள பாதையில் அதன் பக்கச் சுவர் கிழிந்தால், ஓட்டை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவமான சீலன்டால் அடைக்க முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் டயர் பஞ்சராகி, சக்கரத்தை மாற்றிக்கொண்டு, பிரான்ஸ் வீரர் விக்டர் கொரெட்ஸ்கியைக் கடைசிச் சுற்றில் தாண்டித் தங்கம் வென்றார். அவருக்குப் பாதையோரம் உதவிக் குழு காத்திருந்தது. காட்டு வழியில் நமக்கு யார் காத்திருக்கிறார்கள்? ஓட்டை அடைக்கும் பிளக், சின்ன பம்ப், ஒரு டியூப், இவை இல்லாமல் கிளம்பாதீர்கள். உள்ளே இருக்கும் சீலன்டும் சில மாதங்களில் காய்ந்துவிடும். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். தளதள என்று சத்தம் வரவில்லையென்றால் ஊற்ற வேண்டிய நேரம்.

உடம்பை எங்கே வைப்பது

இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் இருக்கிறதே என்று இறக்கத்துக்கென்றே செய்த பெரிய டவுன்ஹில் வண்டி மாதிரி நேராகப் பாறைகளில் விடுபவர்கள் உண்டு. இந்த வண்டியில் டிராவல் குறைவு, ஃபிரேம் லேசு. எந்தக் கோட்டில் போவது என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், கைகால்களும் பாதி சஸ்பென்ஷனாக வேலை செய்ய வேண்டும். இன்னொரு பக்கம், பயத்தில் பின் சக்கரத்துக்கு மேலே போய் உட்காருபவர்கள். பின்னால் போகப் போக முன் சக்கரத்தில் பாரம் குறையும், திருப்பினாலும் திரும்பாது. இடுப்பில் மடங்கி, நெஞ்சைத் தாழ்த்தி, முழங்கைகளை வெளியே விரித்து, குதிகாலைக் கீழே அழுத்தி நில்லுங்கள். எடை பெடலில் இருக்கட்டும், கையில் தொங்க வேண்டாம். சீட்டை இறக்க உதவும் டிராப்பர் போஸ்ட்டை, சில நூறு கிராம் மிச்சம் என்று கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் கழற்ற மாட்டேன். சீட் வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தால் மேலே சொன்ன நிலைக்கு வரவே முடியாது.

ஏற்றத்தில் இதன் மறுபக்கம். செங்குத்தாக ஏறும்போது சீட்டின் மூக்குக்கு நகருங்கள், முழங்கைகளை இறக்குங்கள். முன் சக்கரம் அலைவது நின்றுவிடும்.

தெரியாத பாதையில் பெரிய இறக்கம் வந்தால் நின்று, நடந்து, பார்த்துவிட்டு ஓட்டுங்கள். 2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில், பயிற்சியின்போது ஒரு பாறை இறக்கத்தில் பலகைச் சரிவு வைத்திருந்தார்கள். போட்டியன்று அதை எடுத்துவிட்டார்கள். அது இருக்கும் என்று நினைத்து வந்த நெதர்லாந்து வீரர் மாத்யூ ஃபான் டெர் போல் முதல் சுற்றிலேயே தலைகுப்புற விழுந்தார். நேற்று ஓட்டிய பாதையாகவே இருந்தாலும், ஒரு மழைக்குப் பிறகு அது வேறு பாதை.

பிரேக்கைப் பற்றி ஒன்று மட்டும். திருப்பத்துக்குள் நுழைந்த பிறகு பிடிக்காதீர்கள், முன்பே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு நுழையுங்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி திரும்பினால் ஃபோர்க் தாழ்ந்து, இருக்கும் கொஞ்ச டிராவலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

கழுவுவதும் முறுக்குவதும்

சேறு போக வேண்டும் என்று அதிக அழுத்தத் தண்ணீரைப் பிவட்டுகளிலும் ஃபோர்க் சீலிலும் பாய்ச்சினால், கிரீஸ் வெளியே, தண்ணீர் உள்ளே. வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். கார்பன் பாகங்களில் போல்ட்டைக் கை உணர்வில் முறுக்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மிலேயே அளவு அச்சடித்திருப்பார்கள், பலவற்றில் 5 நியூட்டன் மீட்டர். முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் அதைச் சரியாக வைக்க முடியாது. ஃபோர்க்கின் கீழ்க் குழாய்களுக்கான எண்ணெயை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. உங்கள் ஃபோர்க்கின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். வாரம் இருமுறை ஓட்டுபவருக்கு 50 மணி நேரம் சில மாதங்களில் வந்துவிடும்.

'கிரீச்' சத்தம் வந்தால் பெடல் தண்டு என்று அங்கேயே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். என் வண்டியில் மூன்று வாரம் தேடிய சத்தம், பின் பிவட்டில் தளர்ந்திருந்த ஒரே ஒரு போல்ட். இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன் சீட்டின் பின்நுனியைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குகிறேன், சக்கரம் தரையை விட்டு எழும்பாத அளவுக்கு. இன்னொரு கை பிவட்டின் மேல் இருக்கும். மூட்டில் ஒரு சின்னத் தட்டல் இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும்.